மென்பொருள் சேவைகளின் விவரப் பட்டியல்: ஒரு வரலாறு

பெரிய நிறுவனங்களின் கணினி அமைப்புகளில், ஒருமுறை எழுதப்பட்டுப் பல துறைகளாலும் பல செயலிகளாலும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தப்படும் மென்பொருள் பகுதிகள் மறுபயன்பாட்டுச் சேவைகள் எனப்படுகின்றன. அத்தகைய சேவை ஒன்று என்ன செய்கிறது, எங்கே இயங்குகிறது, அதை எவ்வாறு அழைப்பது, அதற்குப் பொறுப்பு யார் என்பன போன்ற விவரங்களே அச்சேவையின் மீதரவு. மெட்டாடேட்டா என்ற சொல்லும் இதற்கு வழங்குகிறது. இவ்விவரங்களை ஒழுங்காகத் திரட்டி வைக்கும் இடம் பதிவகம் எனப்படும்.

மென்பொருள் எழுதுவதன் வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. எழுதப்பட்ட மென்பொருளை விவரிப்பதன் வரலாறு அந்த அளவுக்கு அறியப்படவில்லை. ஏறத்தாழ 75 ஆண்டுகளில் எத்தனையோ பட்டியல்கள் தொடங்கப்பட்டன. சில நிலைத்தன, உலக நிறுவனங்கள் கூடி அமைத்த ஒன்று ஐந்தே ஆண்டுகளில் மூடப்பட்டது. அவற்றுக்கிடையே இருந்த வேறுபாடு என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மீதரவின் தேவை

ஒரு வங்கியை எடுத்துக்கொள்வோம். வைப்புப் பிரிவு, கடன் பிரிவு, கடன் அட்டைப் பிரிவு ஆகிய மூன்றுக்கும் வாடிக்கையாளரின் முகவரியைச் சரிபார்க்க வேண்டியுள்ளது. ஒவ்வொரு பிரிவும் தனித்தனியே நிரல் எழுதிக்கொண்டால் ஒரே வேலை மூன்று முறை நடைபெறும். அத்துடன், வாடிக்கையாளர் வீடு மாறியதும் ஒரு பிரிவில் புதிய முகவரியும் மற்றொன்றில் பழைய முகவரியும் இருக்கும். முகவரிச் சரிபார்ப்பை ஒரே சேவையாக அமைத்து, மூன்று பிரிவுகளும் அதையே அழைத்தால் இக்குழப்பம் நீங்கும்.

ஆனால் அதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. அப்படியொரு சேவை இருக்கிறது என்பது கடன் பிரிவின் நிரலாளருக்குத் தெரிய வேண்டும். அதற்கு எந்த வடிவில் தரவை அனுப்ப வேண்டும், எந்த வடிவில் விடை வரும், ஒரு நொடியில் எத்தனை கேள்விகளை அது தாங்கும், பழுதானால் யாரை அழைப்பது என்பனவும் தெரிய வேண்டும். இவை தெரியாவிட்டால் அவர் தாமே புதிதாக ஒன்றை எழுதிக்கொள்வார். பெரிய நிறுவனங்களில் மறுபயன்பாடு தோற்பதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று இதுவே.

காகித நாடாக் காலம்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான எட்சாக் கணினி, 1949 மே 6 அன்று முதல் நிரலை இயக்கியது. அதன் நிரல்கள் துளையிட்ட காகித நாடாவில் எழுதப்பட்டன. வர்க்கமூலம் காண்பது, வகுப்பது, விடையை அச்சிடுவது போன்ற வேலைகள் பல நிரல்களிலும் திரும்பத் திரும்ப வந்தன. ஆகவே அவற்றைத் தனித்தனித் துணைநிரல்களாக எழுதி நாடாக்களாகச் சேமித்து வைத்தனர். தேவைப்படுவோர் அவற்றைப் படியெடுத்துத் தம் நிரலோடு சேர்த்துக்கொண்டனர். இதுவே உலகின் தொடக்ககால மென்பொருள் நூலகங்களுள் புகழ்பெற்றது.

இந்த நூலகத்தில் நாடாவோடு ஒரு பட்டியலும் இருந்தது. துணைநிரல்கள் எழுத்துக் குறியீடுகளால் வகைப்படுத்தப்பட்டன. வகுத்தலுக்கு ஓர் எழுத்து, முக்கோணவியல் சார்புகளுக்கு ஓர் எழுத்து, அச்சிடுவதற்கு ஓர் எழுத்து என்று முறை அமைந்தது. ஒவ்வொன்றுக்கும் அதன் பயன், பிடிக்கும் நினைவக இடம், எடுக்கும் நேரம் முதலியன குறிக்கப்பட்டன. வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் 1951இல் வெளியிட்ட நிரலாக்க நூலில் இந்தத் துணைநிரல்களின் விவரக்குறிப்புகள் பெரும்பகுதியை நிரப்பின. இன்று சேவையின் மீதரவு என்று நாம் சொல்வதன் மூல வடிவம் இதுவே.

துணைநிரல் முறையின் முன்னோடியான வீலர், 1952இல் வாசித்த ஒரு சிறு கட்டுரையில் கூர்மையான ஒரு கருத்தைச் சொன்னார். துணைநிரலை எழுதிச் சோதித்து முடித்த பிறகும் ஒரு பெரிய வேலை மிஞ்சியிருக்கிறது. உள்ளே இருப்பதை அறியாதவரும் எளிதில் பயன்படுத்தும்படி அதற்கு ஒரு விளக்கம் எழுத வேண்டும். எல்லாவற்றிலும் கடினமான பகுதி இதுவாகவே இருக்கலாம் என்பது அவர் கருத்து. கணினிகள் ஒரு சிலவே இருந்த காலத்தில் சொல்லப்பட்ட இக்கருத்து பின்னர் வந்த எல்லாத் தலைமுறைகளுக்கும் பொருந்தியது.

எட்சாக் நூலகத்துக்கு ஒரு வசதி இருந்தது. நாடாவை எழுதியவர், பட்டியலை எழுதியவர், பயன்படுத்துபவர் எல்லோரும் பெரும்பாலும் ஒரே கட்டடத்தில் இருந்தனர். குறிப்பில் ஐயம் இருந்தால் நேரில் கேட்டுக்கொள்ளலாம். நிறுவனங்கள் வளர்ந்தபோது இந்த வசதி மறைந்தது.

1968: உதிரிபாகங்களின் கனவு

1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் மென்பொருள் பொறியியல் மாநாடு நடைபெற்றது. மென்பொருள் நெருக்கடி என்ற சொற்றொடர் பரவக் காரணமான மாநாடு இது. அங்கே பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டக்ளஸ் மெக்கில்ராய், மென்பொருளையும் மற்றப் பொறியியல் துறைகளைப் போல ஆயத்த உதிரிபாகங்களைக் கொண்டு கட்ட வேண்டும் என்று வாதிட்டார்.

மின்னணுப் பொறியாளர் ஒரு மின்தடையை வாங்கும்போது உற்பத்தியாளரின் விவரப் பட்டியலைப் புரட்டுகிறார். அளவு, துல்லியம், தாங்குதிறன் ஆகியவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். மென்பொருளுக்கும் அத்தகைய பட்டியல்கள் வேண்டும் என்பது மெக்கில்ராயின் விருப்பம். துல்லியம், உறுதிப்பாடு, வேகம், பிடிக்கும் இடம் முதலியவற்றால் வகைப்படுத்தப்பட்ட துணைநிரல் வரிசைகளை அவர் கற்பனை செய்தார்.

மெக்கில்ராய் எதிர்பார்த்த வடிவில் உதிரிபாகத் தொழில் உடனே தோன்றவில்லை. மின்தடை ஒன்றை ஐந்தாறு எண்களால் முழுமையாக விவரித்துவிடலாம். மென்பொருளின் நடத்தை அத்தனை எளிதில் எண்களுக்குள் அடங்குவதில்லை. விவரப் பட்டியல் வேண்டும் என்பதில் எல்லோரும் உடன்பட்டனர்; அதில் எதை எழுதுவது என்பதே சிக்கலாக நின்றது.

கோர்பாவும் சேவைத் தரகரும்

1980களில் நிறுவனங்களின் கணினிகள் வலையமைப்பால் இணைக்கப்பட்டன. ஒரு கணினியில் உள்ள நிரல் மற்றொரு கணினியில் உள்ள நிரலை அழைக்கத் தொடங்கியது. அதுவரை மறுபயன்பாடு என்றால் நிரலைப் படியெடுத்துச் சேர்த்துக்கொள்வது என்று பொருள். இனி நிரல் இருந்த இடத்திலேயே இருக்கும். மற்றவர்கள் அதை வலையமைப்பின் வழியே அழைப்பார்கள். சேவை என்ற சொல் இங்கேதான் பொருத்தமாகிறது.

1989இல் தொடங்கப்பட்ட ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப் என்ற கூட்டமைப்பு, 1991இல் கோர்பா என்னும் செந்தரத்தை வெளியிட்டது. வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகளிலும் வெவ்வேறு நிரல் மொழிகளிலும் எழுதப்பட்ட பகுதிகள் ஒன்றையொன்று அழைக்க இது வழிசெய்தது. இதற்கென ஒரு பொதுவான இடைமுக விவரிப்பு மொழி உருவாக்கப்பட்டது. சேவை எந்தெந்தக் கேள்விகளை ஏற்கும், ஒவ்வொன்றுக்கும் என்ன வகை விடை தரும் என்பதை அம்மொழியில் எழுதிவிட்டால், இணைப்புக்குத் தேவையான நிரல்பகுதியைக் கருவியே ஆக்கித்தரும்.

இடைமுகங்களின் விவரங்களைச் சேமிக்க ஒரு களஞ்சியமும், பெயரைச் சொன்னால் இடத்தைச் சொல்லும் பெயர்ச் சேவையும் கோர்பாவில் இருந்தன. 1990களின் நடுவில் தரகுச் சேவை என்ற ஒன்றும் வகுக்கப்பட்டது. சேவை வழங்குபவர் தம் சேவையின் வகையையும் பண்புகளையும் தரகரிடம் பதிந்து வைப்பார். வேண்டுபவர் இன்ன வகை, இன்ன பண்பு என்று கேட்டால் பொருத்தமானதைத் தரகர் காட்டுவார்.

இதைப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்திய நிறுவனங்களுள் ஒன்று சுவிட்சர்லாந்தின் கிரெடிட் சுவிஸ் வங்கி. 1990களின் இறுதியில் அது கோர்பாவை அடிப்படையாகக் கொண்டு, தன் பழைய பெருங்கணினி நிரல்களைச் சேவைகளாக வெளிக்கொணர்ந்தது. புதிய சேவையின் இடைமுகம் ஆவணப்படுத்தப்பட்டு, ஆய்வுக்கு உட்பட்ட பிறகே ஏற்கப்பட்டது. இதே வேலையைச் செய்யும் சேவை முன்பே உள்ளதா என்று பார்ப்பதும் அந்த ஆய்வின் பகுதி. பட்டியலைப் பாராமல் புதிய சேவை பிறக்க முடியாது என்ற இந்த ஒழுங்கே அங்கே பட்டியலுக்கு உயிர் தந்தது.

எழுதப்படாத நிபந்தனை: ஏரியன் 5

சேவையின் பெயரும் இடைமுகமும் தெரிந்தால் போதுமா என்ற கேள்விக்கு விண்வெளித் துறையிலிருந்து ஒரு கசப்பான விடை வந்தது. நிறுவன அமைப்புகளுக்கு வெளியே நடந்ததாயினும், மறுபயன்பாட்டைப் பற்றிய எந்த விவாதத்திலும் இந்நிகழ்ச்சி இடம்பெறுகிறது.

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியன் 5 ஏவூர்தி முதன்முறையாக ஏவப்பட்டது. ஒரு நிமிடம் நிறைவதற்குள் அது வெடித்துச் சிதறியது. அதில் இருந்த நான்கு கிளஸ்டர் ஆய்வுச் செயற்கைக்கோள்களும் அழிந்தன. ஏவூர்தியின் நிலையைக் கணிக்கும் மென்பொருள் முந்தைய ஏரியன் 4இலிருந்து எடுத்துப் பயன்படுத்தப்பட்டிருந்தது. 64 பிட் அளவுள்ள ஓர் எண்ணை 16 பிட் எண்ணாக மாற்றும்போது, அது கொள்ளளவை மீறியதால் மென்பொருள் நின்றது. ஏரியன் 4இன் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வளர வாய்ப்பில்லை. ஏரியன் 5இன் பாதை வேறு.

அந்த மாற்றத்துக்குப் பாதுகாப்புத் தேவையில்லை என்று முன்பு திட்டமிட்டே முடிவெடுக்கப்பட்டிருந்தது. அம்முடிவின் காரணம் நிரலில் நேரடியாகக் காணப்படவில்லை என்று விசாரணைக் குழு குறிப்பிட்டது. நிரல் ஒரு ஏவூர்தியிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றது; அது எந்த நிபந்தனையில் சரியாக இயங்கும் என்ற குறிப்பு உடன் செல்லவில்லை. எந்த எல்லைக்குள் நம்பலாம் என்பதும் மீதரவின் பகுதியே என்ற பாடத்தை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

யுடிடிஐ: உலகம் முழுவதற்கும் ஒரு பட்டியல்

1990களின் இறுதியில் இணையமும், 1998இல் செந்தரமான எக்ஸ்எம்எல் மொழியும் புதிய ஆர்வத்தைத் தோற்றுவித்தன. 2000ஆம் ஆண்டு மே மாதம் சோப் நெறிமுறையின் 1.1 பதிப்பு வெளிவந்தது. இணையத்தின் வழியே ஒரு நிறுவனத்தின் நிரல் மற்றொரு நிறுவனத்தின் நிரலுக்குச் செய்தி அனுப்ப இது உதவியது. சேவையின் இடைமுகத்தை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் மொழியின் 1.1 பதிப்பு 2001 மார்ச்சில் வந்தது. மைக்ரோசாப்ட், ஐபிஎம் நிறுவனங்களைச் சேர்ந்த நால்வர் அதை எழுதினர். அவர்களுள் ஒருவரான இலங்கையைச் சேர்ந்த சஞ்சீவ வீரவரண, 2005இல் டபிள்யூஎஸ்ஓ2 என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். கொழும்பில் பெரும் பணிமனை கொண்ட அந்நிறுவனம் பின்னர் சேவைப் பதிவக மென்பொருளையும் வெளியிட்டது.

எஞ்சியிருந்தது பட்டியல். 2000 செப்டம்பரில் அரிபா, ஐபிஎம், மைக்ரோசாப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து யுடிடிஐ என்ற திட்டத்தை அறிவித்தன. உலகளாவிய விவரிப்பு, கண்டறிதல், ஒருங்கிணைப்பு என்பது அப்பெயரின் விரிவு. தொலைபேசி விவரத்திரட்டை முன்மாதிரியாகக் கொண்டு இதன் உள்ளடக்கத்தை மூன்றாகப் பிரித்து விளக்கினர்.

வெள்ளைப் பக்கங்களில் நிறுவனத்தின் பெயர், முகவரி, தொடர்பு விவரங்கள் இருக்கும். மஞ்சள் பக்கங்களில் தொழில்வகை, பொருள்வகை, நாடு ஆகியவற்றின் குறியீடுகளின்படி வகைப்பாடு இருக்கும். பச்சைப் பக்கங்களில் சேவையை எவ்வாறு அழைப்பது என்ற தொழில்நுட்ப விவரம் இருக்கும். பதிவகத்தின் உள்ளே நிறுவனம், அதன் சேவைகள், ஒவ்வொரு சேவைக்குமான இணைப்பு விவரம், பொதுவான தொழில்நுட்ப மாதிரிகள் என நான்கு வகைப் பதிவுகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருந்தன.

2001இல் இதன் பொதுப் பதிவகம் இணையத்தில் திறக்கப்பட்டது. ஐபிஎம், மைக்ரோசாப்ட் நிறுவனங்களும், பின்னர் எஸ்ஏபி, என்டிடி கம்யூனிகேஷன்ஸ் நிறுவனங்களும் அதன் கணுக்களை நடத்தின. ஓரிடத்தில் பதிந்தால் மற்ற இடங்களிலும் அப்பதிவு தோன்றும். ஒரு தொழிற்சாலையின் நிரல் தானாகவே பதிவகத்தில் தேடி, மூலப்பொருள் விற்பவரைக் கண்டுபிடித்து, அவருடைய சேவையோடு தானே இணைந்து கொள்முதல் செய்யும் காலம் வரும் என்று பேசப்பட்டது.

யுடிடிஐயின் இரண்டாம் பதிப்பு 2003இலும் மூன்றாம் பதிப்பு 2005இலும் ஒயாசிஸ் அமைப்பின் செந்தரங்களாக ஏற்கப்பட்டன. ஆனால் மூன்றாம் பதிப்பு ஏற்கப்பட்ட அதே ஆண்டின் இறுதியில், பொதுப் பதிவகத்தை நிறுத்தப்போவதாக அதை நடத்தியவர்கள் அறிவித்தனர். 2006 ஜனவரியில் அது மூடப்பட்டது. 50,000க்கும் மேற்பட்ட பதிவுகள் அதில் இருந்ததாகவும், தொழில்நுட்பம் இயங்கும் என்று நிரூபிக்கும் நோக்கம் நிறைவேறிவிட்டதாகவும் அவை கூறின.

பொதுப் பதிவகம் ஏன் நிலைக்கவில்லை

முதற்காரணம் வணிக நடைமுறை. எந்த நிறுவனமும் முன்பின் அறியாத விற்பனையாளரைப் பட்டியலில் பார்த்தவுடன் பணம் அனுப்பிவிடுவதில்லை. விலை பேச வேண்டும், தரம் பார்க்க வேண்டும், ஒப்பந்தம் எழுத வேண்டும். இவை முடியும்போது சேவையின் முகவரியும் கைக்கு வந்துவிடுகிறது. பிறகு பதிவகத்தில் தேட வேண்டிய தேவையே எழுவதில்லை.

இரண்டாவது காரணம் பதிவுகளின் நிலை. பதிவகத்தில் சோதனைக்காக இட்ட பதிவுகளும், செயலிழந்த இணைப்புகளும் நிறைய இருப்பதை ஆய்வாளர்கள் கண்டனர். ஒரு சேவை நின்றுபோனால் அதன் பதிவைத் திரும்பப் பெற வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. பதிவு ஓரிடத்திலும் சேவை வேறிடத்திலும் இருந்தன. சேவை மாறியபோது பதிவைத் திருத்துவது கூடுதல் வேலையாக நின்றது. அவ்வேலையைச் செய்யாததால் பதிவிட்டவருக்கு இழப்பு ஏதும் இல்லை. நம்பி வந்தவருக்கே இழப்பு.

மூன்றாவது காரணம் சிக்கலான அமைப்பு. எல்லாத் தொழிலுக்கும் எல்லா நாட்டுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் பதிவின் கட்டமைப்பு மிகப் பொதுவானதாக அமைந்தது. எளிய சேவை ஒன்றைப் பதியவே பல அடுக்குகளைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நிறுவனச் சுவர்களுக்குள்

உலகப் பட்டியல் மூடப்பட்டாலும், நிறுவனங்களின் உள்ளே பதிவகம் வேறு பொருள் பெற்றது. சேவைநோக்குக் கட்டமைப்பு என்ற கருத்தைக் கார்ட்னர் நிறுவன ஆய்வாளர்கள் 1996இலேயே எழுதியிருந்தனர். 2000களின் நடுவில் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் அதைப் பரவலாக மேற்கொண்டன.

உள்ளே வந்தபோது கேள்விகள் மாறின. புதிய வணிகக் கூட்டாளியைத் தேடுவது பின்னுக்குப் போனது. எந்தச் சேவை எந்தப் பதிப்பில் இருக்கிறது, அதை யார் யார் பயன்படுத்துகிறார்கள், இதை மாற்றினால் எவை உடையும், எப்போது ஓய்வு கொடுப்பது என்பன முன்னுக்கு வந்தன. இவற்றுக்கு விடைதர, தொடர்பு விவரத்தோடு ஆவணங்களையும் சேமிக்கும் களஞ்சியம் தேவைப்பட்டது. ஐபிஎம் 2006இல் பதிவகம், களஞ்சியம் இரண்டையும் இணைத்த தயாரிப்பை வெளியிட்டது. அதே ஆண்டில் சிஸ்டினெட் என்ற பதிவக நிறுவனத்தை மெர்க்குரி நிறுவனமும், ஃப்ளாஷ்லைன் என்ற களஞ்சிய நிறுவனத்தை பிஇஏ நிறுவனமும் வாங்கின.

ஆயினும் பல நிறுவனங்களில் பழைய குறை தொடர்ந்தது. சேவையை உருவாக்குபவர் ஒரு குழு. பதிவகத்தை நிரப்புபவர் மற்றொரு குழு. நிரல் வேகமாக மாற, படிவம் பின்தங்கியது. 2009 ஜனவரியில் பர்ட்டன் குரூப் ஆய்வாளர் ஆன் தாமஸ் மேன்ஸ், சேவைநோக்குக் கட்டமைப்பு என்ற பெயர் இறந்துவிட்டது, சேவைகள் வாழ்கின்றன என்ற பொருளில் எழுதியது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. கருவி வாங்குவதில் காட்டிய ஆர்வத்தைப் பழக்கத்தை மாற்றுவதில் நிறுவனங்கள் காட்டவில்லை என்ற குறைபாட்டை அவ்விவாதம் வெளிக்கொணர்ந்தது.

சேவையோடு பிறக்கும் விவரம்

இதற்கிடையில் இணையத்தில் எளிமையான மற்றொரு முறை வளர்ந்தது. ராய் ஃபீல்டிங் 2000இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் விளக்கிய ரெஸ்ட் பாணியைப் பின்பற்றி, பல நிறுவனங்கள் தம் சேவைகளை ஏபிஐ என்ற பெயரில் திறந்துவிட்டன. தொடக்கத்தில் இவற்றுக்கான விவரம் மனிதர் படிக்கும் வலைப்பக்கமாகவே இருந்தது. அதுவும் நிரலோடு சேர்ந்து மாறாமல் பின்தங்கியது.

வேர்ட்னிக் என்ற இணைய அகராதி நிறுவனத்தில் டோனி டாம் 2011இல் வெளியிட்ட ஸ்வாகர் இந்நிலையை மாற்றியது. சேவையின் விவரம் கணினியும் மனிதரும் படிக்கக்கூடிய ஒரே கோப்பாக அமைந்தது. அக்கோப்பிலிருந்து விளக்கப் பக்கம், அழைத்துப் பார்க்கும் வசதி, இணைப்பு நிரல் ஆகியன தாமாகவே உருவாயின. 2015 நவம்பரில் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் ஓப்பன்ஏபிஐ முன்முயற்சி தொடங்கப்பட்டு, ஸ்வாகர் விவரக்குறிப்பு அதற்கு அளிக்கப்பட்டது. ஓப்பன்ஏபிஐ 3.0 பதிப்பு 2017 ஜூலையில் வெளியானது.

விவரத்தை எழுதினால் உடனே பயன் கிடைக்கிறது என்பதே இதன் வெற்றிக்கு அடிப்படை. விளக்கப் பக்கத்தைத் தனியே எழுத வேண்டியதில்லை, சோதனையும் எளிதாகிறது. ஆகவே நிரலாளர் தம் நலனுக்காகவே விவரத்தைச் சரியாக வைத்திருக்கிறார்.

இதயத்துடிப்பு உள்ள பதிவு

சேவை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு வேறொரு விடை கிடைத்தது. மேகக் கணிமையில் வழங்கிகள் நிமிடந்தோறும் தோன்றி மறைகின்றன. முகவரியைக் கையால் எழுதிவைப்பது இங்கே இயலாது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2012இல் யுரேகா என்ற தன் பதிவகத்தைத் திறமூலமாக வெளியிட்டது.

யுரேகாவில் சேவை இயங்கத் தொடங்கியதும் தன்னைத் தானே பதிந்துகொள்கிறது. இயல்பான அமைப்பின்படி 30 நொடிகளுக்கு ஒருமுறை, உயிரோடு இருக்கிறேன் என்று தெரிவிக்கிறது. இதை இதயத்துடிப்பு என்பர். 90 நொடிகள் வரை துடிப்பு வராவிட்டால் அப்பதிவு நீக்கத்துக்கு உரியதாகிறது. பின்னர் வந்த கன்சல், குபர்நெட்டிஸ் முதலியனவும் சேவையின் உடல்நிலையைத் தாமே சோதித்து, செயலிழந்தவற்றை விலக்கும் ஏற்பாடு கொண்டவை. யுடிடிஐயில் செத்த சேவையின் பதிவு ஆண்டுக்கணக்கில் நின்றது. இங்கே சேவையோடு பதிவும் மறைகிறது.

ஆனால் இயந்திரம் அறியக்கூடியது முகவரியையும் துடிப்பையும் மட்டுமே. இச்சேவை யாருடைய பொறுப்பு, எதற்காக எழுதப்பட்டது, இன்னும் தேவைதானா என்பவற்றை மனிதரே சொல்ல வேண்டும். சுவீடனின் ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2020 மார்ச்சில் திறமூலமாக வெளியிட்ட பேக்ஸ்டேஜ் இத்தேவைக்கானது. அதன் சேவைப் பட்டியல், நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில் வைக்கப்படும் ஒரு சிறு கோப்பிலிருந்து உருவாகிறது. உரிமைக் குழு, வாழ்நிலை, சார்ந்துள்ள மற்றச் சேவைகள் ஆகியவற்றை அக்கோப்பு குறிக்கிறது. நிரலை மாற்றுபவர் கண்ணெதிரிலேயே விவரமும் இருக்கிறது.

பட்டியலில் இல்லாததன் விலை

பட்டியல் பழுதானால் வேலை இரட்டிக்கும் என்பது மட்டுமே முன்பு கவலையாக இருந்தது. இன்று அது பொதுமக்களின் பாதுகாப்பையும் தொடுகிறது. இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு, ஏபிஐகளுக்கு நேரும் முதன்மையான பத்து ஆபத்துகளின் பட்டியலை 2019இல் வெளியிட்டது. மறக்கப்பட்ட பழைய பதிப்புகளையும் கணக்கில் வராத சேவைகளையும் அதில் ஒன்பதாவதாகச் சேர்த்தது. 2023 பதிப்பில் அதற்கு முறையற்ற இருப்புக்கணக்கு என்ற பொருள்படும் பெயர் இடப்பட்டது.

2022 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் ஏறத்தாழ 95 லட்சம் பேரின் தனிப்பட்ட விவரங்கள் கசிந்தன. அந்நாட்டின் ஊடக, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் நீதிமன்றத்தில் முன்வைத்த குற்றச்சாட்டு கவனத்துக்குரியது. 2018இல் ஏற்பட்ட ஒரு நிரல் பிழையால் ஏபிஐ ஒன்றின் அணுகல் கட்டுப்பாடு பலவீனமடைந்தது. 2021இல் அப்பிழை முதன்மை முகவரியில் திருத்தப்பட்டது. பயன்பாடின்றி இணையத்தில் திறந்து கிடந்த மற்றொரு முகவரியில் திருத்தப்படவில்லை. தாக்குதல் அதன் வழியே நடந்தது என்பது ஆணையத்தின் வாதம்.

இக்குற்றச்சாட்டின்படி பார்த்தால், பிழையைக் கண்டுபிடிக்கும் திறன் நிறுவனத்துக்கு இருந்தது, திருத்தவும் தெரிந்திருந்தது. அதே சேவை வேறு எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்ற கேள்விக்குச் சரியான பட்டியலே விடை தரும்.

மதிப்பீடு

எட்சாக்கின் நாடா நூலகம் முதல் இன்றைய சேவைப் பட்டியல்கள் வரை நோக்கினால், நிலைத்தவற்றுக்கு மூன்று பண்புகள் பொதுவாக இருப்பதைக் காணலாம். முதலாவது, விவரம் சேவைக்கு அருகிலேயே வைக்கப்பட்டது. இரண்டாவது, விவரத்தை எழுதியவருக்கே அதனால் நாள்தோறும் பயன் இருந்தது. மூன்றாவது, விவரம் பொய்யானால் அது விரைவில் வெளிப்பட வழியிருந்தது. யுடிடிஐயின் பொதுப் பதிவகத்தில் இம்மூன்றும் இல்லை. அதன் பின்னால் உலகின் மிகப் பெரிய நிறுவனங்கள் நின்றபோதும் அது நிலைக்காததன் காரணம் இதுவே.

அதனால் யுடிடிஐ வீண் முயற்சி என்று கொள்வது பொருந்தாது. நிறுவனம், சேவை, இணைப்பு, பொது மாதிரி என்று விவரத்தைப் பிரித்துக்காட்டிய அதன் சிந்தனை, பின்னர் வந்த நிறுவனப் பதிவகங்களில் பயன்பட்டது. கணினி அறிவியல் மாணவர்கள் அதைப் பழைய செந்தரம் என்று ஒதுக்காமல் படிப்பது நல்லது. தொழில்நுட்பத்தில் பெரிய பிழை இல்லாத ஒரு திட்டமும், அதைப் பேணும் பொறுப்பு யாருக்கும் இல்லாவிட்டால் எவ்வாறு பாழடையும் என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

கல்லூரித் திட்டப்பணியில் சிறு சேவை ஒன்றை எழுதும் மாணவரும் இவ்வரலாற்றை நடைமுறைப்படுத்தலாம். அது என்ன செய்கிறது, எந்த எல்லைக்குள் சரியாக இயங்கும், எதைச் சார்ந்துள்ளது, யார் பொறுப்பு, எப்போது நிறுத்தப்படும் என்ற ஐந்து கேள்விகளுக்கும் விடையை நிரல் இருக்கும் அதே கோப்புறையில் ஒரு பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். நிரலை மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தையும் திறந்து பார்க்க வேண்டும். 1952இல் வீலர் கடினமானது என்று சொன்ன வேலை அதுதான்.